அடிக்காமல் வென்ற ஃபைனலும் சிவநேசன் அண்ணையும்

சிவநேசன் அண்ணை போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னா.

அழுதேன். பிறகு சிரிப்பும் வந்தது. அவரை நினைத்தால் சிரிக்காமல் இருக்க முடியாது.

தெரியாதவர்களுக்கு... எண்பதுகளின் கடைசியில் வெம்பிளிப் பக்கம் ஒரு சுவிட்ச் ஃபாக்டரியில் நாங்கள் இருவரும் வேலை. அவர் ஸ்டோர்ஸில், நான் செக்கிங்கில். பெல்ட்டில் வரும் சுவிட்சுகளில் பழுதானதைப் பார்த்து ஒதுக்குவதுதான் என் வேலை.

வாதாடாவிட்டால் அண்ணைக்குச் சோறு இறங்காது. ஒருமுறை மனோர் பார்க் முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபடியே ஒருவரைப் பிடித்து அரை மணி நேரம் பேஸ்போல் பற்றிச் சண்டை. அந்த மனிதர் பாவம், கிரிக்கெட் ஸ்கோர்தான் கேட்டவர்.

யாழ்ப்பாணத்து மனிதருக்கு லண்டனில் பேஸ்போல் பைத்தியம் எப்படி வந்தது? டொராண்டோவில் இருந்த மச்சான் அனுப்பிய புத்தகங்களால் வந்தது.

ஒரு மேட்ச்கூட நேரில் பார்த்தது கிடையாது. ஆனால் ஓர் ஆட்டக்காரனின் மதிப்பை எப்படி அளப்பது என்று எந்த அமெரிக்கனோடும் மல்லுக்கு நிற்பார்.

நின்றார். ஏனென்றால் எங்கள் புது மேனேஜர் ஓர் அமெரிக்கர்.

அவர் வந்த கையோடு எங்களை ஒரு சொஃப்ட்போல் லீக்கில் சேர்த்துவிட்டார். பேஸ்போலின் தம்பி மாதிரி அது. பந்து பெரிது, வேகம் குறைவு, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம். மேனேஜரே கப்டன், அண்ணை ஸ்கோரர், பெண்கள் போதாது என்று நானும்.

எனக்கு அடிக்க வராது. ஆனால் கூடாத பந்துக்கு மட்டையைத் தூக்கவும் மாட்டேன். நாலு பந்து மோசமாக வந்தால், அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம் என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். அப்படியே மூன்று பேஸையும் சுற்றி, தொடங்கிய இடமான ஹோமுக்கு வந்தால் ஒரு ரன்.

வாரா வாரம் நடந்தேன். டீமில் எனக்குப் பட்டப்பெயர் 'சிலை'.

அந்தக் கோடையில் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். கப்டன் என் பெயரை வெட்டிவிட்டு, தூரமாக அடிக்கக்கூடிய ரிசெப்ஷன் பெண்ணைப் போட்டார்.

பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, டொய்லெட்டுக்குள் போய் அழுதேன். ஷிப்ட், சமையல், பிள்ளை... கிழமை முழுவதிலும் எனக்கென்று இருந்தது அந்தச் சனிக்கிழமை ஆட்டம் மட்டும்தான்.

கண்ணைப் பார்த்ததும் அண்ணைக்கு விளங்கிவிட்டது. "ஏன் பிள்ளை அழுறீங்கள்? உவருக்கு எண்ணத் தெரியேல்லை. நான் கதைக்கிறன்."

கன்டீனில் தொடங்கியது. கப்டன், ஒருவர் மட்டை பிடித்ததில் எத்தனை முறை அடித்தார், எவ்வளவு தூரம் அடித்தார் என்பதுதான் மதிப்பு என்றார். அண்ணை தன் யாழ்ப்பாண இங்கிலீஷில், அவுட் ஆகாமல் பேஸுக்குப் போனதை ஏன் எண்ணவில்லை, அவுட் ஆனவன் எப்படி ரன் எடுப்பான் என்று கேட்டார்.

மூன்று நாள் இதே சண்டை! ஆட்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து சுற்றி இருந்து பார்த்தார்கள்.

நாலாம் நாள் அண்ணை இரண்டு கடதாசித் துண்டுகளை மேசையில் வைத்தார். பெயர்களை மடித்து மறைத்திருந்தார். அந்த சீசன் முழுக்க எத்தனை முறை பேஸுக்குப் போனார், எத்தனை முறை அவுட் ஆனார் என்பது மட்டும் வெளியே தெரிந்தது.

ஒருவரைத்தான் ஃபைனலுக்கு எடுக்கலாம் என்றால் யாரை எடுப்பீர்கள் என்று கேட்டார். கப்டன் யோசிக்கவே இல்லை, இடதுபக்கத் துண்டில் விரலை வைத்தார்.

விரித்தால்... என் பெயர்.

மற்றத் துண்டையும் அண்ணை மெதுவாக விரித்தார். அதில் கப்டனின் பெயர்!

கன்டீனே அதிர்ந்தது. கப்டனின் முகம் செக்கச்செவேல் என்று ஆகி, பிறகு அவரும் சிரித்துவிட்டார். என் பெயர் திரும்ப லிஸ்டில் ஏறியது.

ஃபைனல். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், எங்களுக்கு இன்னும் ஓர் அவுட்தான் மிச்சம். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்க, மட்டையோடு நான்.

நான் நடந்தால் எல்லோரும் ஒரு பேஸ் முன்னுக்குப் போவார்கள், மூன்றாவதில் நிற்பவர் ஹோமுக்கு வருவார், கப் எங்களுக்கு. கணக்கு விளங்கியது. மட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

எல்லோரும் "அடி, அடி" என்று கத்தினார்கள். அண்ணையின் குரல் மட்டும் தமிழில் வந்தது: "பிள்ளை, நாள் முழுக்கப் பழுதை ஒதுக்கிற கண் உங்கடை. நல்லது வராட்டி தொடாதேங்கோ!"

முதல் பந்து நல்லது, தவறவிட்டேன். அடுத்த நாலும் பழுது. ஒன்றையும் தொடவில்லை.

நடந்தேன்! மூன்றாவது பேஸில் இருந்தவர் துள்ளிக்கொண்டு ஹோமுக்கு ஓடினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நடந்து போனது கிடையாது.

எதிர் டீம்காரர் ஒருவர், இவ ஒன்றுமே செய்யவில்லையே என்று முணுமுணுத்தார். அவரோடு சண்டைக்குப் போனது யார் தெரியுமா? எங்கள் கப்டன். அவுட் ஆகாமல் நின்றதை ஏன் எண்ணவில்லை என்று அண்ணையின் அதே வாதம், அண்ணையைவிடப் பெரிய சத்தத்தில்.

நான் அண்ணையைப் பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "நீங்கள் போகேல்லையோ அண்ணை?" என்றேன்.

"நான் ஏன்? இப்ப அவர் கதைக்கட்டும்."

பிறகு எத்தனையோ வருஷம், யார் அந்த கப்பைப் பற்றிக் கேட்டாலும் "நான் சும்மா நிண்டனான்" என்றுதான் சொல்வேன். அண்ணைக்குப் பத்திக்கொண்டு வரும். "உந்த விசர்க்கதையை விடுங்கோ. வெண்டது ஆர்? வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

ஒருநாளும் சொன்னதில்லை. வெட்கம்.

அண்ணை, போயிட்டு வாங்கோ. இவ்வளவு பேரும் பார்க்கத்தான் எழுதுறன்... அந்த ஃபைனலை வெண்டது நான்.