அப்பாவின் காட்டன் பிசினஸ்

ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் சிறிய ஊரின் எல்லையில், தார்ச்சாலையை ஒட்டி, பருத்திக்கொட்டை மலையாகக் குவிந்து கிடக்கும். பஞ்சு பிரித்தது போக மிஞ்சிய கொட்டை. லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போகும், அத்தனையும் மாட்டுக்கு. இங்கே வந்த முதல் வாரம், லேசான தூறலில் காரில் அந்த வழியாகப் போனபோது ஜன்னலை இறக்கினேன். நனைந்த கொட்டையின் வாசம் உள்ளே வந்தது. அடுப்படியில்லாத, வீடில்லாத ஒரு வெட்டவெளியில் எங்கள் வீட்டு வாசம். "உங்கப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டா இங்கேயே வண்டி போட்டுடலாம் போல" என்று என் கணவர் செந்தில் சிரித்தார். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, துணியில் பிழிந்து எடுக்கும் பாலோடு அரிசிமாவு கரைத்து, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் கிண்டிக்கொண்டே காய்ச்சினால், கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் ஒன்று கிடைக்கும். மேலே தேங்காய்ப்பூ. அதுதான் பருத்திப்பால். என் அப்பா மதுரையில், செல்லூரில் தள்ளுவண்டியில் பித்தளை அண்டாவை வைத்து அதை விற்றார். இன்றும் விற்கிறார். இது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: "சுத்துப்பட்டுக் கரிசல் பூரா பருத்தி. பஞ்சு முதலாளிக்குப் போச்சு, கொட்டை மாட்டுக்குப் போச்சு. மாட்டுக்குப் போனதுல கொஞ்சம் நம்மாளு எடுத்து ஆட்டிக் குடிச்சுப் பாத்தான். அம்புட்டுதான்." அது வரலாறா, அவர் வண்டியருகே நின்று கட்டிய கதையா, எனக்குத் தெரியாது. தறிச்சத்தத்திலேயே நாள் முழுக்க நின்றவர்கள் சாயங்காலம் அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். தொண்டையில் அடைத்த பஞ்சுத்தூசி இறங்குகிறது என்பார்கள்.

அந்தப் பாலில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். கல்லூரியில் முதல் நாள் பக்கத்துப் பெண் "அப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது, "காட்டன் பிசினஸ்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. ஆனால் வந்தது போகவில்லை. செந்திலுக்கு மட்டும் உண்மை தெரியும். ஆஸ்திரேலியா வந்து, நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களோடு பழகத் தொடங்கியபோது, அவர்களிடமும் அப்பாவுக்குக் காட்டன் பிசினஸ்தான்.

அம்மா இறந்த அடுத்த வருடம் அப்பாவை மூன்று மாதத்துக்கு வரவழைத்தேன். கொட்டைக் குவியலைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தார். "இம்புட்டையும் மாட்டுக்கா பாப்பா போடுறாக?" என்றார். அன்று சாயங்காலமே, எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் மாடு வளர்க்கும் கிரெக்கிடம் போய், சைகையால் ஒரு வாளி கொட்டை கேட்டிருக்கிறார். நான் ஓடிப் போனபோது கிரெக் என்னிடம், "உன் அப்பாவுக்கு ஊரில் எத்தனை மாடு?" என்று கேட்டார். அப்பாவுக்கு அது புரிந்துவிட்டது. "நோ கவ்" என்று தலையை ஆட்டி, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய், "மீ டிரிங்க்" என்றார். கிரெக் என்னைப் பார்த்தார். "விளையாட்டுக்குச் சொல்கிறார், செடிக்கு உரம் போடத்தான்" என்றேன் ஆங்கிலத்தில். கிரெக் ஒரு வாளி கொட்டையை அள்ளிக் கொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தான் சொன்னது புரிந்ததால்தான் சிரிக்கிறார் என்று அப்பாவும் கூடச் சிரித்தார்.

அந்த மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளியில் உணவு நாள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்ப் பண்டம் ஒன்றைச் செய்து கொண்டுவந்து அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் ஜிகர்தண்டா கொண்டுபோவதாகப் பெயர் கொடுத்திருந்தேன். அப்பா என்னிடம் கேட்காமலே முந்தின நாள் கொட்டையை ஊறப்போட்டு, காலையில் மிக்சியில் நான்கு முறை அடித்து, என் பழைய பருத்திச் சேலைத் துணியில் பிழிந்து, பெரிய குக்கர் நிறையப் பால் காய்ச்சி வைத்திருந்தார். "அங்கன எல்லாரும் ஊரை விட்டு வந்த புள்ளைக. ஆளுக்கு ஒரு வாய் குடிக்கட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. காரின் டிக்கியில் வைத்தேன். போகும் வழியில் சொன்னேன்: "அப்பா, யாராச்சும் கேட்டா காட்டன் பிசினஸ்னு சொல்லுங்க." அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பாடம் ஒப்பிப்பதுபோல அந்த இரண்டு வார்த்தையையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இறங்கும்போது டிக்கியை நான் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

உள்ளே நல்ல கூட்டம். இட்லி எங்கே பிறந்தது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பரோட்டா நம்முடையதே இல்லை, மைதா வந்த பிறகு வந்தது என்று ஒருவர் நீளமாகப் பேசினார். நான் ஜிகர்தண்டாவைக் காட்டி, ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி என்று விளக்கிக் கைதட்டு வாங்கினேன். பாதாம்பிசின் எப்படி ஊறும், நன்னாரி எதற்கு என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அப்போதுதான் பாண்டி வந்தான். லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருந்தவன். டம்ளரை வைத்துவிட்டு அப்பாவிடம் வேகமாகப் போனான்.

"அண்ணே! நீங்க செல்லூர்ப் பால்காரண்ணன்தானே? நான் சிம்மக்கல்லுண்ணே. பழக்கடையில லோடு இறக்கிட்டு தெனமும் உங்ககிட்டதான குடிப்பேன்!"

பக்கத்தில் இருந்த நான்கைந்து பேர் திரும்பினார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"இல்லப்பா. ஆளை மாத்திப் பாக்குற. நமக்குக் காட்டன் பிசினஸ்."

"என்னண்ணே, கையில அந்தப் பால் கொட்டுன தழும்புகூட இருக்கே..."

அப்பா மடித்துவிட்டிருந்த முழுக்கைச் சட்டையை இறக்கி, பொத்தானைப் போட்டார். பாண்டி என் பக்கம் திரும்பினான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் சிரித்தேன். "அப்பாவுக்குப் பொதுவான முகம். எல்லாரும் இப்படித்தான் யாரையோ நினைச்சுக் கேப்பாங்க" என்றேன். பாண்டி, "மன்னிச்சுக்கங்க சார்" என்றான். அண்ணே என்று வந்தவன் சார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

திரும்பும்போது பாதி வழியில் அப்பா கேட்டார்: "நான் சொன்னது சரியா இருந்துச்சா பாப்பா?"

"ம்" என்றேன். வேறு ஏதாவது சொன்னதாக இங்கே எழுதிவிடலாம் என்று கை பரபரக்கிறது. ஆனால் அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் குக்கரை அவரே டிக்கியிலிருந்து எடுத்தார். வேலிக்குப் போய், கிரெக்கின் தொட்டியில் சாய்த்தார். வெல்லம், சுக்கு, தேங்காய்ப்பூ எல்லாவற்றோடும் கட்டிதட்டிப்போன பால் தொப்பென்று விழுந்தது. இரண்டு மாடுகள் வந்து நக்கின. தூரத்திலிருந்து கிரெக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பாவும் காட்டினார். மறுநாள் காலையில், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, டிக்கெட்டை முன்னால் மாற்றிக் கொடு என்றார். அப்போது இங்கே கோடைக்காலம்.

அதன் பிறகு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். சாப்பிட்டாயா, மழையா, வெயிலா. இரண்டு வருடம் கழித்து, போன மாதம், தனியாக மதுரைக்குப் போனேன். அவரிடம் சொல்லவில்லை. ரயில் மதுரையை நெருங்கிச் சமயநல்லூர் தாண்டும்போது ஆட்டுரலில் குழவியை நான் சுற்ற அவர் கொட்டை தள்ளிவிட்ட நாட்களை நினைத்துக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன். சாயங்காலம் ஆட்டோவில் போய் வண்டிக்கு எதிரே இறங்கினேன். பத்துப் பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவர் கரண்டி ஒரு கணம் நின்றது.

"வாங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னிடம் ஒருநாளும் அவர் சொல்லாத வார்த்தை. டம்ளரைக் கழுவி, வழக்கத்துக்கு மேல் தேங்காய்ப்பூ போட்டு நீட்டினார். "சூடா இருக்கு. பாத்துக் குடிங்க."

பக்கத்தில் நின்றவர், "யாரு மாமா இது?" என்று கேட்டார்.

"வெளிநாட்டுக்காரக. நம்ம பாலைக் கேள்விப்பட்டு வந்திருக்காக."

அவர் முகத்தில் கோபம் இல்லை. பழிவாங்கும் குரலும் இல்லை. என் பொய்யை இங்கேயும் எனக்காகக் காப்பாற்றிக் கொடுக்கிறார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். "நான் இவரோட மக" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. குரல் எனக்கே வேற்றாள் குரல்போல இருந்தது.

அப்பா அடுத்த டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நம்மகிட்டப் பால் குடிக்கிற எல்லாருமே நம்ம புள்ளைகதானே."

வியாபாரி சொன்ன இனிப்பான பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "குடிச்சாச்சுன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா" என்றார். தள்ளி நின்றேன்.