பத்து நாள் ஊமைப்படம்

தொண்டையில் இருந்த சின்னக் கட்டியை எடுத்துவிட்டு, பத்து நாள் வாய் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆபத்து எதுவும் இல்லையாம். குரல் பழையபடி வருமா என்று என் மனைவி கேட்டதற்கு மட்டும் "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் பொங்கல் விழாவில் பதினெட்டு வருடமாக மைக் பிடிப்பவன் நான். குரல் போனால் என்னிடம் மிச்சம் தொப்பை மட்டும்தான்.

வீட்டில் நோட்டில் எழுதிக் காட்டினேன். மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். "யப்பா, இதைப் படிக்கதுக்குள்ள என் லோக்கல் ட்ரெயின் போயிரும். ஆக்ட் பண்ணிக் காட்டுங்க" என்றாள். வெந்நீர் கேட்பதற்கு நான் ஆவியாகவே மாற வேண்டியிருந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

மகள் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள். அங்கே பேசுவதற்காக ஒரு பழைய ஜெர்மன் ஊமைப்பட நடிகரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். என் கூத்தைப் பார்த்ததும் அவர் படத்தைப் போனில் காட்டினாள். மனிதர் ஒரு புருவத்தைத் தூக்கினால் வில்லன், இறக்கினால் காதலன். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போய், மந்திரி, குடிகாரன் என்று படத்துக்கு மேல் படம். பிறகு படங்கள் பேசத் தொடங்கின. அவருக்கோ கரகரத்த குரல். பெரிய வேடங்கள் நின்றுபோயின.

போனைக் கவிழ்த்துவிட்டேன். என் கதையை எனக்கே போட்டுக் காட்டுகிறாளே! நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் நடிப்பு என்று நினைத்து மனைவி சிரித்தாள்.

"முழுசா கேளுங்கப்பா. அந்த ஆளு வீட்டுக்குப் போயிரல. வயசாகுற வரைக்கும் சின்னச் சின்ன வேஷமா நடிச்சிக்கிட்டே இருந்திருக்காரு. பெரிய வேஷத்தைவிட அதுதான் நிறைய."

பதினோராம் நாள் டாக்டர் என் பெயரைச் சொல்லச் சொன்னார். பயத்தில் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டேன். தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல், ஆனால் வந்தது. இன்னும் தேறும், கத்த மட்டும் கூடாது என்றார்.

அன்று சாயங்காலமே விழாக் கமிட்டி அண்ணாச்சியிடம் போனேன். இந்த வருடம் மைக்கை வேறு யாருக்காவது கொடுங்கள், நாடகத்தில் எனக்கொரு வேடம் வேண்டும் என்றேன்.

"வசனம் பேச முடியுமா வே?"

"ரெண்டு வரி போதும் அண்ணாச்சி. மிச்சத்தை மூஞ்சி பாத்துக்கிடும்."

பெண் பார்க்க வந்த இடத்தில் வடை தொண்டையில் சிக்கித் திணறும் மாமனார் வேடம் தந்தார். முதல் ஒத்திகையிலேயே இரண்டு பேர் தண்ணீர்ச் சொம்போடு மேடைக்கு ஓடி வந்தார்கள்.