பசலிக்கு எவ்வளவு கழிப்பது

நான் கோபக்காரி. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேஜைக்காரி சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

பேராவூரணிப் பக்கம் ஒரு வருவாய்த் துறை அலுவலகத்தில் தட்டச்சர் வேலை எனக்கு. வீடு தஞ்சாவூரில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கிளம்பும்போது என் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கியிருப்பாள். தஞ்சாவூரில் ஓர் உதவியாளர் இடம் காலியானது. துறைத் தேர்வில் தேறுகிறவருக்குத்தான் அது. பதவியை யார் கேட்டார்கள்? பிள்ளை விழித்திருக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து மேஜைக்காரியும் அதே தேர்வுக்குப் படித்தாள். என்னைவிட இளையவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். மதியம் சாப்பிட்டதும் ரெக்கார்டு ரூமில் உட்காருவோம். அவள் போனை பீரோவில் வைத்துவிட்டு வருவாள். என் போன் மடியிலேயே கிடக்கும். நான் சத்தமாக ஒப்பிப்பேன், அவள் கேட்டுக்கொண்டே ஏதோ எழுதுவாள்.

"உங்களுக்கென்னக்கா, எல்லாம் தண்ணி பட்ட பாடு" என்பாள். நான் பூரித்துப்போவேன். பட்டா, சிட்டா, அடங்கல், பசலி எல்லாம் எங்கள் வீட்டில் சோற்றோடு புழங்கிய வார்த்தைகள். அப்பா விவசாயி. வருஷத்தில் 590 கழித்தால் நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு என்று அவர் சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

அவள் தேறினாள். எனக்கு இரண்டு மார்க்கில் போயிற்று.

தஞ்சாவூரில் சேர்ந்த மறுவாரம் போன் செய்தாள். "டிராயர்ல என் பழைய நோட்டு கிடக்குக்கா. எடுத்துக்கங்க, அடுத்த தடவைக்கு ஆகும்."

எடுத்துப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'தெரியும்'. வலப்பக்கம் 'தெரியும்னு நினைச்சேன்'. தினமும் புத்தகத்தை மூடிவைத்துத் தன்னையே கேள்வி கேட்டிருக்கிறாள். தடுமாறியதெல்லாம் வலப்பக்கம், மறுநாள் அதை மட்டும் படித்திருக்கிறாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன். வலப்பக்கத்தில் ஓரிடத்தில் நான் இருந்தேன்.

"அக்கா: பசலிக்கு எப்பவும் 590 கழிக்கிறாங்க. ஜூலைக்கு முன்னாடின்னா 591."

அடிப்பாவி! தேர்வில் கேட்டது மே மாதத் தேதி. ஒரு நொடிகூட யோசிக்காமல் 590 கழித்துவிட்டு வந்தவள் நான். பசலி பிறப்பது ஜூலையில்; அப்பா சொன்னது ஆடி மாதக் கணக்கு. வைகாசிக்கு ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டும். தெரிந்ததுதானே என்று புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவே இல்லை.

கீழே இன்னொரு வரி. "ஒப்பிக்கும்போதும் கண்ணு போன்ல. வாய் சொல்லுது, மனசு இங்க இல்ல." தேதி, தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால்.

உடனே கூப்பிட்டேன். "என் தப்பை வச்சு நீ படிச்சிருக்கே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"முதல் வாரமே சொன்னேன்க்கா. விவசாயி மகளுக்கு நீ பசலி சொல்லித் தர்றியான்னீங்க. நாலு நாள் எங்கூட சாப்பிடவே வரல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இடம் ஒண்ணுதான்னு தெரிஞ்சுது. சொல்லத் தோணல."

போனை வைத்துவிட்டேன். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன். ஆனாலும் மூன்று மாதம் என் முகத்தைப் பார்த்துத் தண்ணி பட்ட பாடு என்றாளே, அதை மன்னிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை அடுத்த அறையில் வைத்தேன். மகளைக் கூப்பிட்டு அந்த நோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"நான் பார்க்காம சொல்றேன். தப்பா சொன்னா உடனே சொல்லு."

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி உட்கார்ந்தாள்.

"கோச்சுக்க மாட்டியேம்மா?"