இறால் ஷெட்டில் ஒரு ஸ்டூல்

தண்டையார்பேட்டையில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். கர்ப்பமாக இருந்தபோது, ஏழாம் மாதத்தில் கால் வீங்கியதால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உரித்தேன். மேனேஜர் அதைப் பிடுங்கிக்கொண்டு, "உக்கார்றதுன்னா வூட்லயே உக்காரு" என்றார். வேலை போய்விடுமே என்று பயந்து, ஈரத்தரையில் நின்றே உரித்தேன். மதியத்துக்குள் கண் இருட்டிச் சரிந்தேன்.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா என்னைத் தாங்கிப் பிடித்தார். "இன்னா சார், புள்ளத்தாச்சிய நிக்க வச்சிகினு கீறியே. ஸ்டூலு வர்ற வரைக்கும் இறால்ல கை வைக்கமாட்டேன்" என்று கையுறையைக் கழற்றினார். மற்ற பெண்களும் கழற்றினார்கள். கூடைகளில் ஐஸ் உருகத் தொடங்கியது. என்மேல் வராத பதற்றம் அந்த மனுஷனுக்கு இறால்மேல் வந்தது. ஸ்டூலை அவரே தூக்கி வந்தார்.

இப்போதெல்லாம் புதிதாக வந்த பெண் யாராவது சோர்ந்து நின்றால், முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுகிறேன். எத்தனை மாதம் என்று அப்புறம்தான் கேட்கிறேன்.