சம்பந்தி குடித்துவிட்ட காப்பி

எந்த ஆணின் பெயரைச் சொன்னாலும் இன்சாஃப் அத்தை முதலில் கேட்பது, "பூர்வீகம் எது?" என்றுதான். வேலை, வயது எல்லாம் பிறகு. பதில் வந்ததும் தீர்ப்பும் வந்துவிடும். சால்ட் ஊர்க்காரர்களுக்குத் தலைக்கனம். கலீல் ஊர்க்காரர்களுக்குத் தலையே கருங்கல், கையும் இறுக்கம். தன் ஊரான நாப்லுஸை மட்டும் விட்டுவிடுவாள். ஜோர்டானில், அம்மானிலேயே பிறந்த அவள் பாலஸ்தீனத்தில் இருக்கும் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

தாய் தகப்பன் இல்லாத அண்ணன் மகள் ரனீமைத் தையல் மெஷின் மிதித்துப் படிக்க வைத்தவள் அவள்தான். அந்த ரனீம் கலீல்காரன் முனீஃபைக் கட்டிக்கொள்வேன் என்றபோது, அத்தை அவன் அம்மாவுக்கே போன் போட்டு, உங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் ரனீம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபத்துக்கு நடுவே ஒன்று உறுத்தியது. கல்லூரியில் கிராமத்துப் பேச்சு பேசிய பையன்களை அவளும் திரும்பிப் பார்த்ததில்லையே. கடைசியில் அத்தைதான் இறங்கி வந்தாள். "வரச் சொல்லுடி, பாப்போம்."

முனீஃபின் அப்பா பத்துப் பெரியவர்களோடு பெண் கேட்க வந்தார். பெண் தருகிறோம் என்ற வார்த்தை வரும்வரை, கேட்க வந்தவர் காப்பியைத் தொடாமல் கீழே வைத்திருக்க வேண்டும். அவரோ பதற்றத்தில், கேட்பதற்கு முன்பே ஒரே மடக்கில் குடித்துவிட்டார். குடித்தால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். பெண் வீட்டுக்காக உட்கார்ந்திருந்த ரனீமின் சித்தப்பாவின் முகம் கறுத்தது. முனீஃப் தரையைப் பார்த்தான்.

கதவுக்குப் பின்னால் நின்ற ரனீம் அத்தையின் கையைப் பிடித்தாள்.

"சும்மா கிடைச்சா விடுவாங்களா கலீல்காரங்க" என்று முணுமுணுத்த அத்தை, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஆண்கள் கூடியிருக்கும் அறைக்குள் ஒருநாளும் போகாதவள், முக்காட்டைச் சரிசெய்து, இன்னொரு கிண்ணத்தில் காப்பி ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணே, நீங்க குடிச்சது விருந்தாளிக் காப்பி. பொண்ணு கேக்குற காப்பி இதுதான். நான்தான் கொண்டாரதுக்கு நேரமாக்கிட்டேன்."

பெரியவர் எழுந்து நின்று வாங்கினார். பத்திரமாகக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். சித்தப்பா, "குடிங்க" என்றார்.

கல்யாணமாகி மூன்று வருஷம். வெள்ளிக்கிழமைதோறும் சம்பந்தி வீட்டுக்கு அத்தை சமைத்துப் பானையோடு கவிழ்த்துக் கொட்டிய இறைச்சிச் சோறு ஒரு பெரிய தாம்பாளம் போகிறது. அன்றைக்குப் போனில் பேசியதற்கு முனீஃபின் அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று ரனீம் சொன்னால் மட்டும் அத்தை அரிசி களையக் குனிந்துகொள்வாள்.

"அதான் சோறு போகுதே."

சோறு போகிறது. மன்னிப்பு இன்னும் பாக்கி.