மூன்று பம்புகளும் ஒரு ஊசியும்

அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஷெட்டுக்கு வண்டி வந்து நின்றால் மற்ற மெக்கானிக்குகளைப் போலப் பாய்ந்துபோய் பானட்டைத் திறக்க மாட்டார். "ஆஃப் பண்ணாதீங்க, ஓடட்டும்" என்பார். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். புதிதாக வந்தவர்கள், மனுஷன் நின்றபடியே தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று பதறுவார்கள். அப்புறம் கண்ணைத் திறந்து, "மூணாவது பிளக்" என்றோ "பெல்ட் பேரிங்" என்றோ ஒரே மூச்சில் சொல்வார். கழற்றிப் பார்த்தால் அதேதான் இருக்கும்.

முப்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒரே ஒரு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பெரியவர் பழைய காரோடு வந்தார். பின்சீட்டில் அவர் மகள் யாரிடமோ போனில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் எஞ்சினை விட்டுவிட்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார். நல்ல கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னார். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் கடைசிவரைக்கும் அந்தக் கார்புரேட்டரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வருஷமாக அவரைச் சுற்றி உலகம் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் காலையில் கூச்சல் போடுகிற குருவிகள் எங்கேயோ போய்விட்டன. மழை விட்டதும் புல்லுக்குள்ளிருந்து ரீங்காரமிடும் பூச்சிகளும் வரவில்லை. "மருந்தடிச்சே எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க" என்று பொதுவாக உலகத்தைத் திட்டினார். வாடிக்கையாளர்களும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு இதெல்லாம் பிடித்தும் இருந்தது. மதியத்தில் ஷெட்டுக்குள் உட்கார்ந்தால் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பதுபோல் இருக்கும். தெருவில் லாரிகள் எங்கோ தூரத்தில் உறுமிக்கொண்டு மிதந்துபோகும். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் தூசி இறங்குவதைப் பார்த்தபடியே அரை மணி நேரம் போய்விடும். வயதாக ஆக மனசு அமைதியாகிறது என்று நினைத்துக்கொண்டார். வேறு எப்படி நினைப்பார்? தன்மேல் குறை இருக்கும் என்று நினைக்க யாருக்குத்தான் சட்டென்று மனசு வரும்!

அந்த அமைதி வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சாப்பாடு வேளைக்கு வரும், சட்டை துவைத்து மடித்து இருக்கும். பேச்சு மட்டும் இல்லை. எப்போதாவது பேசினால் எதிரே வந்து நின்று, முகத்தைச் சுருக்கிக்கொண்டு, உரக்கப் பேசினாள். முன்பெல்லாம் சமையலறையில் நின்றபடியே அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள், இவர் கூடத்திலிருந்து உம் கொட்டிக்கொண்டிருப்பார். இப்போது கூடத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு செய்தோம் என்று கேட்கவும் ரோஷம் விடவில்லை.

அவள் ஒரு சின்ன பெட்ரோல் வேன் ஓட்டினாள். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற கடைகளுக்குக் கொண்டுபோவாள். அந்த வேன் ஒரு மாதமாகப் பாதி வழியில் நின்றது. கீழே நன்றாக ஓடும், ஒரு மணி நேரம் ஏறியதும் மூச்சு வாங்கும், நாலாவது வளைவில் படுத்துக்கொள்ளும். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

காதுக்காரர் வழக்கம்போல வேன் பக்கத்தில் கண்ணை மூடி நின்றார். சாவியைத் திருப்பினால், எஞ்சின் ஓடுவதற்கு முன்பே, டாங்கிக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ஙீஈ' என்று மெல்லிசாக முனகும். அந்த முனகல் வரவில்லை. "பம்ப் உசுரு போயிட்டிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, புது பம்ப் வாங்கிப் போட்டார். அதுவும் முனகவில்லை. வேன் ஓடியது, நாலாவது வளைவில் நின்றது. இரண்டாவது பம்ப், மூன்றாவது பம்ப், எல்லாம் ஊமை. உதிரிபாகக் கடைக்காரரிடம் போய் எகிறினார்.

"எல்லாம் டூப்ளிகேட் சரக்கு! ஒண்ணாவது வாயத் திறக்குதா?"

கடைக்காரர் பொறுமைசாலிதான், ஆனாலும் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டே. "அண்ணே, நாலாவது பம்பு நான் தர மாட்டேன். கால்ல வேணா விழுறேன். இந்த பிரஷர் கேஜ மாட்டிப் பாருங்க. பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்துல வருதுன்னு ஊசி காட்டிரும்."

"எனக்கு கேஜா? நக்கலா?"

"நக்கல் இல்லண்ணே. ஊசிக்கு உங்கமேலயும் என்மேலயும் கோவம் கிடையாது."

வேறு சமயமாக இருந்தால் கேஜைத் தூக்கி அவர் மேஜைமேலேயே எறிந்துவிட்டு வந்திருப்பார். ஆனால் முந்தின நாள்தான் மனைவி எதிரே வந்து நின்று, தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லியிருந்தாள்: "வெள்ளிக்கிழமையும் வண்டி நின்னுச்சுன்னா இந்த வேலைய விட்டுர்றேன். அக்கா ஊருக்கே வரச்சொல்லிக் கூப்பிடறா. போய் அவ கடையப் பாத்துக்கிறேன்." எத்தனை நாளைக்கு என்று அவள் சொல்லவில்லை. அவள் வேலையை விடப் போகிறாளா, தன்னையே விடப் போகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேஜை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை வேறு எந்த வேலையும் எடுக்காமல் அதில் உட்கார்ந்தார். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த அழுத்தத்தை வடித்தார். பாட்டரி வயரைக் கழற்றினார். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸை அளந்து, வெட்ட வேண்டிய இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, பல் நுணுக்கமான ரம்பத்தால் அறுத்தார். டேப் சுற்றாமல் அறுத்தால் பின்னல் விரிந்து துடைப்பமாகிவிடும். அப்படியும் ஒரு மயிரிழைக் கம்பி கட்டைவிரலில் ஏறி ரத்தம் வந்தது. ஹோஸ் நுனியை ஃபிட்டிங்கின் கூட்டுக்குள் திருகி நுழைத்து, விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டார். முறுக்கும்போது ஹோஸ் வெளியே நழுவினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முறுக்கினார். கோடு அசையவில்லை. ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயின் நடுவே மூன்று வாய் ஃபிட்டிங் ஒன்றைப் பூட்டி, ஹோஸை அதில் இணைத்தார். மறுமுனையில் கேஜ். பெட்ரோலை ஆள் உட்காரும் இடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் கேஜை பானட்டின் பின் விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடிக்கு வெளியே, வைப்பருக்குக் கீழே, முகம் உள்ளே பார்க்கும்படி கட்டினார். வேலை செய்யும்போது அவர் முகம் நல்ல கனவு காண்கிறவர் முகம்போல் ஆகிவிடும். ஹோஸ் வளைந்து போன அழகைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

ஃபியூஸையும் பாட்டரி வயரையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஊசி துள்ளி எழுந்து நாற்பத்தைந்தில் நின்றது. சத்தம் வரவில்லை.

கேஜும் டூப்ளிகேட் என்றுதான் முதலில் நினைத்தார். சாவியை அணைத்து, திரும்பவும் திருப்பினார். ஊசி எழுந்தது. பம்ப் சுற்றாமல் ஊசி எப்படி எழும்? வேனுக்கு அடியில் படுத்து, ஒரு கையை டாங்கியில் வைத்துக்கொண்டு, பம்புக்கு நேராக வயர் கொடுத்தார். உள்ளங்கைக்குள் டாங்கி குறுகுறுவென்று துடித்தது. பம்ப் உயிரோடுதான் இருந்தது. மூன்றும் உயிரோடுதான் இருந்திருக்கும். முனகியும் இருக்கும்.

அவர் எழுந்து வரவில்லை. ஆயில் கறை பிடித்த தரையில், டாங்கியில் கையை வைத்தபடி, வெகுநேரம் கிடந்தார். வேனுக்கு வெளியே வெயில் இருந்தது, யாருடைய கால்களோ சத்தமில்லாமல் நடந்துபோயின. பயமாக இருந்தது. அப்பட்டமான பயம். காதில்லாத காதுக்காரரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? இது தெரிந்தால் அவள் நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று தோன்றியது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவரும் வேனில் ஏறிக்கொண்டார். அவள் ஓட்டினாள், அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டு வந்தார். மலையில் பனி இறங்கியிருந்தது. மரங்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வந்து வந்து போயின. கண்ணாடிக்கு வெளியே வட்டமான வெள்ளை முகத்தோடு கேஜ் அவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. எஞ்சினின் அடிக்குரல் மட்டும் இருக்கை வழியாக அவர் முதுகில் ஏறியது. ஒருவேளை நேற்று நடந்தது கனவோ, இந்த வண்டி இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாமல் போய்விடுமோ என்றெல்லாம் நினைத்தார். சாலையைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்த அவள் உதடு நடுநடுவே அசைந்தது. பாட்டு எதையோ முணுமுணுக்கிறாள் போல என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வளைவில் ஊசி நாற்பதுக்கு வந்தது. அப்புறம் முப்பது. நாலாவது வளைவில் இருபதுக்குக் கீழே போனது. வேன் இருமிவிட்டு நின்றது.

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் இறங்கிப் போய் டாங்கி மூடியைத் திறந்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது பழக்கம். திறந்துவிட்டு நிமிர்ந்தால் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, உரக்கப் பேசினாள்.

"ஒவ்வொரு தடவையும் இந்த மூடியத் திறந்தா இப்படித்தான் கத்துது. நானும் எத்தனை தடவை சொல்லிட்டேன்! நீங்க காதுலயே போட்டுக்கல."

"என்ன கத்துது?"

"என்னவா? புஸ்ஸுனு அவ்வளவு சத்தமா காத்து உள்ள போச்சே இப்ப!"

அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. மூடியில் காற்று போகிற சின்னத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்று வர வழியில்லை, பம்ப் இழுத்து இழுத்துச் சோர்ந்துவிடுகிறது. ஒரு ஊக்கால் குத்தினால் தீர்கிற காரியம். மூடியைத் திருப்பிப் பார்த்தார். துளையில் மண் அடைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நிமிர முடியவில்லை.

அவள் போய்ச் சாவியைத் திருப்பினாள். ஊசி சரக்கென்று நாற்பத்தைந்துக்கு ஏறியது. திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப பம்பு சத்தம் கேட்டுச்சா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. இல்லை என்று தலையாட்டினார்.

அவள் அவருக்குப் பின்னால் போனாள். பனியில் அவள் எங்கே நின்றாள் என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பவும் அவர் முன்னால் வந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"நாலு தடவை கூப்பிட்டேன்" என்றாள். "எத்தனை நாளாங்க இப்படி?"

"தெரியலம்மா. நீ என்கூட பேசுறத நிறுத்துனதுலருந்து எதையும் நான் சரியா கவனிக்கல."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள்.

"நான் எப்பங்க நிறுத்துனேன்? தினமும் பேசிக்கிட்டுதான இருக்கேன்! நீங்கதான் ஒரு பதிலும் சொல்லாம மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பதில் வராத வீட்டுல எவ்வளவு நாள்தான் இருக்கிறதுன்னுதான் அக்கா ஊருக்குப் போறேன்னேன்."

அவர் அவள் இரண்டு தோளையும் பிடித்து, வேனின் படியில் உட்கார வைத்தார். எதிரே, ஈரத் தரையிலேயே, அவள் வாய் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லு" என்றார். "இந்த ரெண்டு வருஷமா என்னென்ன சொன்னியோ எல்லாத்தையும் திரும்பச் சொல்லு. கத்த வேணாம். மெதுவாவே சொல்லு, நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அன்றைக்கு மருந்துப் பெட்டிகள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் மேலே போய்ச் சேர்ந்தன.