மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரு பட்டியல்

ஒரு ஒக்டோபர் மாதத்து மழையில் கீழ்வீட்டு நானாவின் பின்னறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனபோது, அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். மெத்தை ஊறிப்போயிருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் இருந்த துணிகள் கதிரைகளின் மேல் குவிந்து கிடந்தன.

எங்கள் வீடு கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறும் பாதையோரம், மலையை வெட்டிக் கட்டிய இரண்டு தட்டு வீடு. கீழ்த்தட்டு நானாவுடையது; அண்ணன் என்ற பொருளில் முஸ்லிம்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நகரத்தில் துணிக்கடை நடத்தி, பிறகு அதை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். மேல்தட்டை வாங்கி நானும் மனைவியும் மகளும் குடிவந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. கூரை, தண்ணீர்த் தாங்கி, மோட்டார், படிக்கட்டு, வீட்டுக்கும் மலைக்கும் நடுவே மழைநீர் வடிந்து ஓடும் கான் எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொது. பொது என்றால் யார் செய்வது என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. கூரைத் தண்ணீர் விழும் பீலியை நான் பார்ப்பது, கானை அவர் பார்ப்பது என்று பேசாமலே ஒரு பழக்கம் இருந்தது.

“மேல பீலி அடச்சீக்கி தம்பி,” என்றார் நானா, நிமிராமலே. “தண்ணியெல்லாம் செவத்துல வழிஞ்சி வருது. நீங்க துப்புரவாக்கல்லியா?”

“போன மாசம்தான் நானா இலையெல்லாம் அள்ளிப் போட்டேன். கான்தான் அடைச்சிருக்கும்.”

“கான நான் பாத்த.”

“பீலிய நானும் பாத்தேன்.”

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அள்ளத் தொடங்கினார். நானும் கூடச் சேர்ந்து அள்ளினேன். அதன் பிறகு பல வாரங்கள் படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துக்கொண்டு போனோம்.

நான் மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அங்கே கூரை ஒழுகினால் தோட்டத்து ஆபீசில் போய்ச் சொல்வோம். யாராவது வரும்வரை சட்டியை வைத்துத் தண்ணீர் பிடிப்போம். ஒரு வீட்டை வீடாக வைத்திருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு உண்மையில் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள அப்போது மனம் வரவில்லை. அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருபது வருடம் இருந்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எழுத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. நான் செய்வதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

மகள் பாவித்து ஒதுக்கிய பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. மூடியின் ஒரு பக்கம் உடைந்திருந்தாலும் வேலை செய்தது. வீட்டு வேலைகளை நினைவூட்டும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்தேன். இலவசமானது. வேறெந்த நிறுவனத்தின் கணினியிலும் இல்லாமல் நம் வீட்டுக் கணினியிலேயே ஓடும். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தத் தொலைபேசியிலும் திறந்து பார்க்கலாம். எந்த வேலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று ஒருதரம் எழுதிவிட்டால், நாள் வரும்போது அதுவே மேலே கொண்டுவந்து காட்டும். செய்து முடித்தவர் பொத்தானை அழுத்தினால் பெயரும் தேதியும் பதிவாகும். எனக்கு வேண்டியது அந்தப் பெயரும் தேதியும்தான்.

அதை நிறுவ எனக்கு இரண்டு சனி, ஞாயிறு போயிற்று. கறுப்புத் திரையில் எதையோ தட்டுவதும், பிழை வருவதும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுமாக இருந்தேன்.

“என்னங்க, இந்த நேரத்துக்குப் பீலிய நாலு தரம் கழுவியிருக்கலாமே,” என்றாள் மனைவி.

அது ஓடத் தொடங்கியதும் பதினோரு வேலைகளை எழுதினேன். பீலி, தாங்கி கழுவுவது, கேஸ் குழாய் மாற்றுவது என்று எனக்குத் தெரிந்தவை அவ்வளவுதான். பிறகு கீழே போய், நானாவின் தொலைபேசியை எங்கள் வைஃபையில் இணைத்து அதிலும் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இது யாருக்கு வேல பாக்குது தம்பி? ஒங்களுக்கா, எனக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான் நானா.” அது முழு உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

“இதுல நானும் எழுதலாமா?”

“எழுதலாம்.”

முதல் மாதம் நான் ஒவ்வொரு வேலையையும் முடித்த கையோடு பொத்தானை அழுத்தினேன். நானாவின் பக்கம் ஒன்றும் இல்லை. மனதுக்குள் கொஞ்சம் திருப்தியாக இருந்ததை மறைக்க மாட்டேன். பிறகு அலுவலகத்தில் வருட முடிவு வேலைகள் குவிய, நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதையே மறந்துவிட்டேன்.

மறுபடி திறந்தது மாசி மாதத்து ஞாயிறொன்றில். பட்டியல் நீண்டிருந்தது. என் பதினொன்றுக்குக் கீழே, ஒற்றை விரலால் தட்டியது போன்ற எழுத்துப் பிழைகளோடு புதிய வரிகள். ‘குரங்கு தாங்கி மூடிய தொறக்கும், கல் வைக்க. வெள்ளிக்கிழம.’ ‘மோட்டர் வாய்ல இல எடுக்க.’ ‘மதில்ல தண்ணி வாற ஓட்டைக்கு கம்பி போட்டு அடப்பு எடுக்க.’ ‘கேட்டுக்கு எண்ண.’ ‘படி பாசி சொரண்ட. சனிக்கிழம சுபஹு தொழுதுட்டு.’ ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதிகள். வாரம் தவறாமல் அவருடைய பெயர். என் பெயர் நவம்பரோடு நின்றிருந்தது.

படிக்கட்டு வரியில் என் கண் நின்றுவிட்டது. தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு முப்பத்திரண்டு படிகள். பக்கத்து வீடுகளின் படிகளில் மழைக்காலத்தில் பச்சைப் பாசி படிந்து, ஆட்கள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். எங்கள் படியில் ஏன் பாசி இல்லை என்று நான் ஆறு வருடத்தில் ஒருதரமும் யோசித்ததில்லை. என் மகள் அந்தப் படிகளில் ஓடித்தான் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிப்பாள்.

ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போனேன். முன்பக்கப் பீலியைத்தான் நான் எப்போதும் சுத்தம் செய்வேன். பின்பக்கம் மலை நெருக்கி நிற்பதால், அங்கேயும் ஒரு பீலி வளைந்து போகிறது என்பதையே நான் சரியாகப் பார்த்ததில்லை. குந்திக்கொண்டு கையை விட்டேன். கறுத்த சேறும் பலா இலைகளும் முழங்கை வரை வந்தன. ஒக்டோபரில் அது எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது.

கையைக் கழுவாமலே கீழே போனேன். நானா வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா, அன்னைக்குப் பின்பக்கப் பீலிய நான் பாக்கல. எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒங்களோட வாக்குவாதம் பண்ணிட்டேன்.”

அவர் பேப்பரை மடித்தார். “எனக்கு அடுத்த நாளே தெரியும். நான் ஏணி வச்சி பாத்த.”

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் மேல வர நெனச்ச. அதுக்கு முந்தி கானப் போய்ப் பாத்த. அதுலயும் சாமான் அடச்சி ஈந்திச்சி. கடையிலிருந்து வந்த பழைய சாக்கு, நானே பின்னால போட்டது. காத்துக்குப் போய் உழுந்தீக்கி.” மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். “பொறகு நான் எந்த மொகத்தோட சொல்ற?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அவருடைய மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் இப்பதான் வாய் தொறந்திச்சா?” என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அன்று வாசலிலேயே உட்கார்ந்து பட்டியலை முதலிலிருந்து பார்த்தோம். எது யாருக்கு என்று பிரிப்போமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் நானா. ஏணியில் ஏறும் வேலை எனக்கு, மற்றது யாருக்கு நேரம் இருக்கிறதோ அவருக்கு என்று வைத்துக்கொண்டோம். ‘பின்பக்கப் பீலி’ என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன். அவர் ‘கான்’ என்ற வரியைத் திருத்தி, ‘சாக்கு போடக் கூடாது’ என்று பக்கத்தில் எழுதினார்.

அடுத்த பெருமழைக்கு முன்பு, ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் எல்லாவற்றையும் இருவருமாகச் செய்தோம். மழை வந்தபோது பின்கதவைத் திறந்துவைத்துப் பார்த்தோம். கான் சத்தம் போட்டுக்கொண்டு நிரம்பி ஓடியது. அறைக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

போன வருடம் நானாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாரங்களில் அவருடைய வரிகள் ஒவ்வொன்றாகத் திரையின் மேலே வர, நான் செய்தேன். விடியற்காலைக் குளிரில் இரும்புத் தகட்டால் படியைச் சுரண்டும்போது, முப்பத்திரண்டு படி எவ்வளவு நீளம் என்று இடுப்புக்குத் தெரிந்தது. மூன்றாவது சனிக்கிழமை மகள் பழைய தும்புத்தடியோடு கீழ்ப்படியிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் சந்தித்துக்கொண்டோம்.

கட்டு அவிழ்த்து, கண் தெளிந்த பிறகு நானா தாங்கி இருக்கும் கூரைத் தளத்துக்கு மெதுவாகப் படியேறிப் போனார். நான் பின்னாலேயே போனேன். தாங்கியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மூடிக்கு வச்ச கல்லு சின்னது தம்பி. பெரிய கொரங்கு ஒரு தட்டுல தள்ளிடும்.”

“இதவிடப் பெரிசா எங்க நானா கிடைக்கும்?”

“வாங்க, கீழ ஒண்டு ஈக்கி. ரெண்டு பேருமாத் தூக்குவோம்.”

டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அப்படியானால் நீங்கள் தூக்குங்கள், நான் வழி சொல்கிறேன் என்றபடி எனக்கு முன்னால் படியிறங்கினார்.